ஒரே குலம், மூன்று முகம்

இயற்கையின் ஏடுகள்



"ஐயா, மூன்றும் வெவ்வேறு இனம் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு பெண் என்னிடம் மெல்லிய குரலில் வேண்டிக்கொண்டாள். சென்ற ஆண்டு வைகாசித் திங்களில், கவரைப்பேட்டையைக் கடந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் வழியில் உள்ள ஒரு சிற்றூரில் இது நடந்தது. அவள் கேட்டது ஒரு சிறு பொய். அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் ஒரு தோப்பின் செடிகள் பிழைத்திருக்கக்கூடும். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதையும், அதற்குப் பின் என்ன நிகழ்ந்தது என்பதையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்தக் குடும்பத்திற்கு ஒரு பழைய மாந்தோப்பு உண்டு. மாமரங்களோடு இரண்டு புளியும் ஓர் இலுப்பையும் அங்கே நின்றன. தொழிற்பேட்டை வளர வளர அதைச் சுற்றியுள்ள நிலங்களின் விலையும் வளர்ந்தது. மூத்த மகன் சிப்காட் வளாகத்தில் வேலை பார்க்கிறான். தோப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இளையவளுடைய மேற்படிப்புக்குப் பணம் வேண்டும். ஆகவே தந்தை தோப்பின் ஒரு பாதியைக் கிடங்கு ஒன்று கட்டுவதற்காக விற்றுவிட்டார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பெற்ற பிள்ளையின் படிப்பா, பாட்டன் வைத்த மரமா என்ற கேள்வி வரும்போது எந்தத் தகப்பனும் எந்தப் பக்கம் சாய்வான் என்பது நாம் அறிந்ததே. பத்து நாளில் மரம் வெட்ட ஆள் வருவதாக இருந்தது.

மகளுக்குக் கவலை மரங்களைப் பற்றி மட்டுமன்று, மரங்களின் மேல் இருந்தவற்றைப் பற்றியும்தான். மாமரத்துக் கவைகளிலும் இலுப்பையின் தடித்த கிளைகளிலும் பட்டைபோன்ற இலைகளோடும் விரல்பருமன் வெள்ளை வேர்களோடும் தொற்றிக்கொண்டு வாழும் செடி ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மரவாழை என்று அதனைச் சொல்வார்கள். தாவர நூலோர் அதற்கு இட்ட பெயர் வாண்டா டெசெல்லாட்டா. ஆர்க்கிடு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆர்க்கிடு என்றதும் உதகையும் கொடைக்கானலும்தான் நம் நினைவுக்கு வரும். இதுவோ மலையை நாடாமல், சோழமண்டலக் கடற்கரையின் வறண்ட சமவெளியிலேயே, நம் வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கி வாழ்கிறது. கோடை தொடங்கி மழைக்காலம் வரையில் பூக்கும். ஒரு தண்டில் ஐந்து முதல் பன்னிரண்டு பூக்கள் வரை இருக்கும், நறுமணமும் உண்டு.

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் கரை கடந்தபோது அந்தத் தோப்பில் சில மரங்கள் சாய்ந்தன. அப்போது தொடக்கப் பள்ளிச் சிறுமியாக இருந்த இவள், மாமரத்திலிருந்து ஒன்றும், புளியிலிருந்து ஒன்றும், இலுப்பைக் கிளையிலிருந்து ஒன்றுமாக மூன்று மரவாழைகளை எடுத்துவந்து, வீட்டு முற்றத்து வேம்பில் கயிற்றால் கட்டிவைத்தாள். "புல்லுருவியை வீட்டுக்குள் கொண்டுவருகிறாயே, மரத்தைத் தின்றுவிடும்" என்று பாட்டி தடுத்தாராம். சிறுமி கேட்கவில்லை. மூன்றும் வேர்பிடித்து, காலம் வந்தபோது பூத்தன. அப்போதுதான் வியப்பு தொடங்கியது. மாமரத்துச் செடியில் மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம்போட்ட பூ, நடுவிலே ஊதா நிற உதட்டிதழ். புளியிலிருந்து வந்ததில் கட்டங்கள் இருந்தும் இல்லாததுபோல் வெளிறிய பசுமஞ்சள், உதட்டிதழ் இளஞ்சிவப்பு. இலுப்பையிலிருந்து வந்ததோ சாம்பல் படர்ந்த கரும்பழுப்பு, உதட்டிதழ் ஆழ்ந்த நீலம்.

அவற்றைக் காணத்தான் நான் அழைக்கப்பட்டிருந்தேன். தந்தையார் தம் கருத்தைத் தெளிவாகவே சொன்னார்: "ஐயா, நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. இந்தத் தோப்பில் எத்தனை இனம் இருக்கிறதோ, இனத்துக்கு ஒன்று எடுத்துவைத்துக்கொள்ளட்டும். எல்லாம் ஒரே செடி என்றால் ஒன்று போதும், அதுதான் வேம்பிலே இருக்கிறதே. மரத்துக்கு மரம் ஏணி வைத்து ஏறி, ஆளுக்குக் கூலி கொடுத்து, ஒரே சரக்கை எதற்காக இறக்க வேண்டும்?"

மகள் ஏன் அப்படி வேண்டிக்கொண்டாள் என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

நான் மூன்று பூக்களையும் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். நிறத்தை ஒதுக்கிவிட்டு உறுப்புகளைப் பார்த்தேன். உதட்டிதழின் வடிவம், அதன் அடியிலுள்ள சிறு குழல், நடுத்தூணின் அமைப்பு, இலையின் பள்ளம், ஒழுங்கற்றுப் பல்வெட்டாக முடியும் இலைநுனி, எல்லாம் மூன்றிலும் ஒன்றே. தமிழ்நாட்டில் வேறு வாண்டாக்களும் உண்டு. வாண்டா டெஸ்டேசியா என்பது சிறிய மஞ்சள் பூக்கள் பூப்பது. அதன் பூ இதில் பாதியளவே இருக்கும், அமைப்பும் வேறு. ஆனால் என் கையில் இருந்தவை மூன்றும் ஓரினமே. ஆர்க்கிடு பூவுக்கு நிறம் நம்பத்தகுந்த சாட்சி அல்ல; உறுப்பின் அமைப்பே நல்ல சாட்சி.

"மூன்றும் ஒரே இனந்தான்" என்று உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. தந்தையார் "பார்த்தாயா!" என்பதுபோல் அவளை நோக்கினார். "ஆனால் ஒன்று போதாது" என்று நான் தொடர்ந்தேன். அன்று மாலை முற்றத்துத் திண்ணையில் அமர்ந்து அவர்களிடம் பேசியவற்றின் சுருக்கம் இதோ.

முதலில் பாட்டியின் அச்சம். புல்லுருவி வேறு, மரவாழை வேறு. புல்லுருவி தன் வேரை மரத்தின் உடலுக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். மரவாழை மரத்தை ஓர் இருக்கையாக மட்டுமே கொள்கிறது. அதன் வேரைப் போர்த்தியிருக்கும் வெண்ணிறத் தோல் பஞ்சுபோன்றது. மழையும் பனியும் படும்போது நீரைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். அப்போது உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். காய்ந்ததும் மீண்டும் வெண்மையாகும். மழைநீர், பனி, மரப்பட்டையில் சேரும் தூசி, மட்கிய சருகு இவையே அதன் உணவுக்கு ஆதாரம். பகல் வெப்பத்தில் நீரை இழக்காதபடி இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமிலவாயுவை ஏற்றுச் சேமித்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், பாட்டி செய்த பிழையைப் பழைய நூலோரும் செய்திருக்கிறார்கள். வாண்டா என்பது வடமொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர். அச்சொல் மரத்தில் ஒட்டி வாழும் புல்லுருவிகளையும் குறித்தது. சர் வில்லியம் ஜோன்ஸ் அதனை ஆர்க்கிடுக்கு எடுத்தாண்டார். இராபர்ட் பிரவுன் 1820-இல் அதனைப் பேரினத்தின் பெயராக நிலைநாட்டினார்.

அடுத்து, பெயரின் பின்பாதி. வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1776-இல் சென்னைக்கு வந்து, பின்னர் சாமல்கோட்டையில் தோட்டம் அமைத்து, 1793-இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றவர். நம் கடற்கரையின் செடிகளை இந்திய ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்து, 1795 முதல் 'சோழமண்டலக் கரையின் செடிகள்' என்று பொருள்படும் பெருநூலை வெளியிட்டார். அதில்தான் இந்தச் செடி முதன்முதலாக முறைப்படி அறிமுகமாயிற்று. கட்டம் கட்டமாகச் சிறு ஓடுகள் பதித்த தளத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதனை அவர் அழைத்தார். எந்தக் கட்டத்தைக் கண்டு பெயர் வைத்தாரோ, அந்தக் கட்டமே சில செடிகளில் அழுத்தமாகவும் சில செடிகளில் மங்கியும் இருக்கிறது. பெயர் ஒரு முகத்தைப் பார்த்து வைத்தது. குலமோ பல முகங்கள் கொண்டது.

"ஒரே இனத்துக்கு எப்படி மூன்று நிறம் வரும்?" என்று பெண் கேட்டாள். பள்ளி வண்ணப்பெட்டியை நினைத்துக்கொள் என்றேன். இதழின் அடித்தளம் பச்சையும் மஞ்சளும். பச்சையத்தாலும் அதன் துணை நிறமிகளாலும் அது அமைகிறது. அதன்மேல் ஆந்தோசயனின் என்னும் ஊதா நிறமி படர்கிறது. பசுமஞ்சள் மேல் ஊதாவைப் பூசினால் கிடைப்பது பழுப்பு. ஊதா அடர்ந்தால் கரும்பழுப்பு; குறைந்தால் வெளிறிய பசுமஞ்சள். ஊதா எங்கே தங்குகிறது, எங்கே விலகுகிறது என்பதே கட்டங்களை உண்டாக்குகிறது. ஆகவே மூன்று பூக்களும் ஒரே வண்ணப்பெட்டியைக் கொண்டு, அளவு மாற்றித் தீட்டப்பட்டவை.

"அப்படியானால் இடம் மாறியதால் நிறம் மாறியிருக்கலாமே? மாமரத்துக்கு ஒரு நிறம், புளிக்கு ஒரு நிறம்?" என்று தந்தையார் கேட்டார். மிக நல்ல கேள்வி. அதற்கு விடையை அவருடைய மகளே அறியாமல் தேடிவைத்திருந்தாள். மூன்று செடிகளும் பல ஆண்டுகளாக ஒரே வேம்பில், ஒரே வெயிலில், ஒரே கிணற்று நீரில் வளர்கின்றன. இடம்தான் காரணம் என்றால் இந்நேரம் மூன்றும் ஒன்றுபோல் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஆண்டுதோறும் ஒவ்வொன்றும் தன் நிறத்திலேயே பூக்கிறது. ஆராய்ச்சியாளர்களும் இதே வழியைத்தான் கையாளுகிறார்கள்: வெவ்வேறு இடத்துச் செடிகளை ஒரே தோட்டத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள். மறைந்துபோகும் வேற்றுமை சூழலால் வந்தது. நிலைத்துநிற்கும் வேற்றுமை பிறப்பால் வந்தது. சூழலுக்கும் சிறு பங்கு உண்டு. வேம்பின் கிளையைக் கழித்துவிட்ட ஆண்டில் மாமரத்துச் செடியின் பூ சற்று அழுத்தமாக இருந்ததாக அவள் சொன்னாள். ஆனாலும் அது இலுப்பைச் செடியின் கருநிறத்தை எட்டவில்லையாம்.

பிறப்பால் வரும் வேற்றுமையைப் புரிந்துகொள்ள நமக்கு வழிகாட்டியவர் ஒரு துறவி என்பது இந்த ஏட்டின் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அகுஸ்தினார் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல், மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் கலந்து வளர்த்து, 1866-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். தாய்வழிக் கூறும் தந்தைவழிக் கூறும் பாலும் நீரும்போல் கலந்து கரைந்துவிடுவதில்லை. தனித்தனியாகவே இருந்து, ஒரு தலைமுறையில் மறைந்தாலும் அடுத்ததில் வெளிப்படக்கூடும் என்று காட்டினார். அவர் 1884-இல் மறைந்தார்; 1900-இல்தான் உலகம் அவர் சொன்னதைக் கவனித்தது. ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகளில் ஒருவன் பாட்டனைக் கொண்டும் ஒருத்தி அத்தையைக் கொண்டும் பிறப்பதில்லையா? மரவாழையின் ஒரு காயில் தூசிபோன்ற விதைகள் பல்லாயிரம் இருக்கும். அத்தனையும் உடன்பிறப்புகள், ஆயினும் ஒன்றைப்போல் ஒன்று இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் அந்தப் பல்லாயிரத்தில் பிழைப்பது மிகச் சிலவே. விதைக்குள் உணவுச் சேமிப்பு இல்லை. காற்றில் பறந்து, மரப்பட்டையில் விழுந்து, அங்கே தக்க பூஞ்சை ஒன்று இருந்து, அது விதைக்குள் புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர் 1899-இல் இந்த இரகசியத்தைக் கண்டறிந்தார். ஆகவே தோப்பிலுள்ள ஒவ்வொரு செடியும் பல்லாயிரத்தில் ஒன்றாகத் தப்பிப் பிழைத்தது. அதை இழந்தால், அதே சேர்க்கையை மறுபடி பெறுவோம் என்பதற்கு உறுதி இல்லை.

தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அழகு சரி ஐயா. நிறம் மாறினால் யாருக்கு என்ன நட்டம்?" என்றார். அவர் ஒரு காலத்தில் நெல் பயிரிட்டவர். ஆகவே நெல்லிலிருந்தே விடை சொன்னேன்.

1970-களில் ஆசிய நாடுகளின் நெல்வயல்களில், பயிரைப் புல்போல் குட்டையாக்கிவிடும் நச்சுயிரி நோய் ஒன்று பரவியது. புகையான் பூச்சி அதனைப் பரப்பியது. பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். நோயை எதிர்த்து நின்றது ஒரே ஒரு மாதிரிதான். அது நம் உத்தரப்பிரதேசத்திலிருந்து சேகரிக்கப்பட்ட, ஒரைசா நிவாரா என்னும் காட்டுநெல். அதே காட்டுநெல்லின் வேறு மாதிரிகளும் சோதனையில் இருந்தன. அவற்றிடம் அந்த ஆற்றல் இல்லை. குர்தேவ் குஷ் தலைமையில் உருவாகி 1976-இல் வெளிவந்த ஐ.ஆர்.36 நெல், அந்த ஒரு மாதிரியின் ஆற்றலைத் தாங்கி வந்தது. "இந்த இனத்துக்கு ஒன்று இருக்கிறதே, போதும்" என்று வேறொரு மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு இதனை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கண்ணுக்குத் தெரியும் நிறம், கண்ணுக்குத் தெரியாத பல வேற்றுமைகளுக்கு ஓர் அடையாளம் மட்டுமே. எந்தச் செடி வறட்சியைத் தாங்கும், எது நோயைத் தாங்கும், எது மாறிவரும் வெயிலைத் தாங்கும் என்பது இன்று நமக்குத் தெரியாது. தெரியாதபோது பலவற்றை வைத்திருப்பதே விவேகம்.

இன்னொன்றும் சொன்னேன். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இராபினாத் உலர்தாவரக் காப்பகத்தை உருவாக்கிய இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு அடிகளார், 1980-களில் தமிழ்நாட்டுச் சமவெளிச் செடிகளைப் பற்றி மாபெரும் நூல் தொகுதிகளை வெளியிட்டார். அத்தகைய காப்பகங்களில் ஓர் இனத்துக்கு ஒரு தாள் மட்டும் வைப்பதில்லை. இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் சேர்த்துப் பல தாள்கள் வைப்பார்கள். ஓர் இனம் என்றால் என்ன என்பதை ஒரு செடியைப் பார்த்து அறிய முடியாது. பலவற்றை அடுக்கிவைத்துப் பார்த்தால்தான் அதன் எல்லை தெரியும். ஒருவரைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தை அறிந்தோம் என்று சொல்ல முடியுமா?

பாட்டி இதுவரையில் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது மகனைப் பார்த்து, "ஏன்டா, நான் பெற்ற மூன்று பேரும் ஒரே குலந்தானே. ஒருத்தன் போதும் என்று மற்ற இரண்டு பேரை விட்டிருந்தால் நீ இருந்திருக்க மாட்டாயே, நீதானே கடைசி!" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். நான் அரை மணிநேரம் பேசியதை அவர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறன்று ஏணி வந்தது. மூத்த மகனும் அவனுடன் வேலைபார்க்கும் நண்பர்கள் இருவரும் ஏறினார்கள். எல்லாவற்றையும் இறக்க முடியவில்லை. புளியின் உச்சியில் இருந்த இரண்டு, மரத்தோடுதான் விழுந்தன. பத்தொன்பது செடிகள் வந்து சேர்ந்தன. எந்த மரத்தில், எந்தத் திசையில் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டினாள் மகள். விற்காத பாதித் தோப்பின் மரங்களில் தேங்காய்நார்க் கயிற்றால் அவற்றைக் கட்டினார்கள். இந்த ஆண்டு கடிதம் எழுதியிருக்கிறாள்: நான்கு செடிகள் காய்ந்துபோயின, ஆறு பூத்தன, அவற்றில் ஒன்று முன்பு கண்ட மூன்று நிறத்திலும் சேராதது. "அன்று நீங்கள் பொய் சொல்லியிருந்தால் மூன்றை மட்டும்தான் காப்பாற்றியிருப்போம் ஐயா" என்று முடித்திருக்கிறாள். அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

உங்கள் வீட்டு மரம் சாய்ந்து மரவாழையை இடம்மாற்ற நேர்ந்தால் சிலவற்றை நினைவில் வையுங்கள். மண்ணில் நடாதீர்கள், வேர் அழுகிவிடும். சொரசொரப்பான பட்டையுள்ள மரத்தில், காலை வெயில் படும் பக்கத்தில், வேர்கள் பட்டையைத் தொடும்படி நார்க்கயிற்றால் கட்டுங்கள். வேர் பிடிக்கும்வரை மாலைதோறும் நீர் தெளியுங்கள். காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுத்துவராதீர்கள், அது குற்றம். ஆர்க்கிடுகளின் பன்னாட்டு வணிகத்தையும் உலக நாடுகளின் ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. நின்று வாழும் மரத்தில் இருப்பதை அங்கேயே வாழவிடுவதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

வரும் கோடையில் உங்கள் ஊர் மாமரத்தையும் இலுப்பையையும் சற்று அண்ணாந்து பாருங்கள். மரவாழை பூத்திருந்தால் அதன் நிறத்தையும் கட்டத்தையும் உதட்டிதழையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்து மரத்தையும் பாருங்கள். "இதுவும் அதேதான்" என்று கடந்துபோகுமுன், ஒருமுறை நின்று பாருங்கள்.